விறாந்தையில் பேசியது மலரில் வந்தது

திரையில் எழுத்தாக வந்து, மேலே மேலே ஏறி, கண்முன்னாலேயே இல்லாமல் போன ஒன்றை நான் சொன்னேன் என்பதா, எழுதினேன் என்பதா? மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன், உடுப்புத் தோய்க்கிறேன், மகளுக்குத் தலை இழுக்கிறேன். சொன்னேன் என்றால் என் சிநேகிதி எனக்குச் செய்தது துரோகம். எழுதினேன் என்றால் எழுதியவள் நான், அவள் அச்சிட்டாள், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு பக்கம் சாய்கிறேன். அடுத்த நாள் மற்றப் பக்கம். இன்னும் விடை இல்லை.

அப்பா எண்பதுகளில் சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது நகை கொண்டுவரவில்லை, ஒரு வீட்டுக் கணினி கொண்டுவந்தார். அம்மா அதை இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கிய சாமான் அது. ரீவியில் கொழுவினால் நீலத் திரை வரும். ஒரு வரியில் நாற்பது எழுத்து, திரைக்கு இருபத்தைந்து வரி. நாங்கள் இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதுவும் தலையணை உறைக்குள் கிடந்து சூட்கேசில் வந்தது. நான் கணினிப் படிப்புக்குப் போனதற்கு அதுதான் காரணம் என்று அப்பா சொல்லிக்கொள்வார். டிப்ளோமா முடித்தேன், ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் சேர்வர் கணினிகளைப் பார்த்தேன், கலியாணம் முடித்தேன், மகள் பிறந்தாள், வேலையை விட்டேன். சேர்வர் பார்த்தவள் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பிறகு எனக்கே அது குத்தப்போகிறது.

என் சிநேகிதி பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்துக் கதிரை. அவளுடைய அப்பா முந்தியே லண்டன் போனவர், பத்தாம் வகுப்போடு அவளும் அங்கே போனாள். அந்தக் காலத்தில் அங்கே இதே மாதிரிக் கணினி வைத்திருந்த தமிழ் ஆட்கள் சிலர் சேர்ந்து தொலைபேசி வழியாக ஒரு சேவை நடத்தியிருக்கிறார்கள். கணினியில் இருந்து ஒரு நம்பருக்கு அழைப்பு எடுத்தால் அறிவித்தல் வாசிக்கலாம், ஆளுக்கு ஆள் கடிதம் போடலாம், பொதுவான ஓர் இடத்தில் இருந்து எல்லாரும் எழுத்தாலேயே கதைக்கலாம். அந்த இடத்துக்கு, வீட்டு முன்தாழ்வாரத்தை நினைத்து, ‘விறாந்தை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இணையம் வந்தவுடன் சேவை படுத்துவிட்டது. தன் அப்பா செத்து இரண்டு வருடத்துக்குப் பிறகு என் சிநேகிதி வீட்டுப் பரணில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய டிஸ்குகளைக் கண்டாள். அதில் சேவையின் முழு நிரலும் இருந்தது.

“உங்கட வீட்டில அந்தப் பழைய மெஷின் இன்னும் கிடக்கோடி?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“கிடக்கு. ஏன்?”

“அப்பாவின்ர சேவையைத் திரும்ப எழுப்பப்போறன். நீயும் வா. தனிய ஏலாது.”

தனிய ஏலாது என்று ஒருவர் சொன்னால் நான் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். அதோடு, உண்மையைச் சொன்னால், மகளின் கஞ்சியையும் நப்பியையும் தவிர வேறு ஏதாவது என்னுடைய தலைக்கு வேண்டியிருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்து உப்புக் காற்று அந்தக் கணினியை விட்டுவைத்திருக்கவில்லை. செருகும் இடங்களெல்லாம் பச்சை பிடித்திருந்தன. அழிறப்பரால் தேய்த்தேன், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மின்சாரப் பெட்டியை டவுனில் ரீவி திருத்துபவரிடம் கொண்டுபோனேன். “இதைக் கொழுவினால் வீடும் சேர்ந்து எரியும் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு அவரே புதிதாக ஒன்று செய்து தந்தார். தொலைபேசிக்குப் பதிலாகச் சிநேகிதி அனுப்பிய நெருப்புப்பெட்டி அளவு பலகை ஒன்று. அதைக் கணினியின் முதுகில் செருகினால், தான்தான் பழைய மொடெம் என்று கணினியை நம்பவைத்துவிட்டு வைஃபையில் போய் இணையும். முதல் முறை ‘விறாந்தைக்கு வருக’ என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தபோது நான் கத்திய கத்தில் மாமி குசினியில் இருந்து ஓடிவந்தார்.

மாமி, என் கணவரின் தாய், எங்களோடு பாலையூற்றில்தான் இருக்கிறார். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்து பென்சன் எடுத்தவர். ட்ரங்க் கோல் காலம் முழுக்க இந்த ஊரின் கதை அவருடைய காதுக்குள்ளால்தான் போனது. யாருடைய கலியாணம் எப்படிக் குழம்பியது, யாருடைய மகன் எந்த வழியால் எந்த நாட்டுக்குப் போனான் எல்லாம் தெரியும். ஒன்றும் வெளியே வந்ததில்லை. “ஆள் செத்துப்போன கதையாப் பார்த்து ஒண்டாவது சொல்லுங்கோ மாமி” என்று நான் நோண்டுவேன். “ஆள் செத்தால் கதை என்ர ஆயிடுமோ?” என்பார்.

அன்றைக்கு அவர் ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நான் விளக்கியதெல்லாம் கேட்டார். கண்ணில் அப்போதே மூட்டம் தொடங்கியிருந்தது. திரையை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

“இது எங்கட எக்ஸ்சேஞ்ச் மாதிரியெல்லோ. நடுவில ஆர் பிள்ளை இருக்கிறது?”

“நடுவில ஒருத்தரும் இல்லை மாமி. மெஷின்தான்.”

“மெஷினுக்கு ஓராள் இருக்குமெல்லே.” சிரித்தார். “எங்கட காலத்திலயும் சனம் நடுவில மெஷின் எண்டுதான் நினைச்சுக் கதைச்சது.”

நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி மனதில் கிடந்ததால், அந்தக் கிழமையே சிநேகிதியிடம் கேட்டேன். விறாந்தையில் கதைப்பதெல்லாம் எங்கேயாவது பதியுமா என்று.

“இல்லையடி. பழைய மாதிரியேதான். மேல போனாப் போச்சு.”

அதை நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்று சொல்வதுதான் சரியோ தெரியாது.

சேவையில் எனக்குக் கிடைத்த வேலை எழுத்து. லண்டன்காரர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியே காலத்தை ஓட்டியவர்கள். நான் தமிழ் எழுத்துச் செய்து தருகிறேன் என்றேன். அந்தக் கணினியில் ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிதான் இடம். ஆங்கில எழுத்து அதற்குள் காலை நீட்டிப் படுக்கும். எங்களுடைய ‘ண’வுக்கு அது போதாது, ‘ஞ’வுக்கு நினைத்தும் பார்க்க ஏலாது. இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் எழுத்தாக்கினேன். கணக்குச் செய்யும் சதுரக் கோட்டுக் கொப்பி வாங்கி, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பாக்கினேன். மொத்தம் இருநூற்றைம்பத்தாறு பெட்டிக்குள் எல்லாம் அடங்கவேண்டும். ஒருவரும் எழுதாத ‘ஙூ’, ‘ஞூ’ போன்றவற்றைக் கைவிட்டு அந்த இடத்தில் இலக்கங்களை வைத்தேன். ‘ழ’வின் வாலை மடக்க எனக்கு நான்கு நாள் எடுத்தது. அந்த நான்கு நாளில் ஒரு நாளைப் பற்றித்தான் இந்தக் கதை.

பின்னேரம். நான் அறைக்குள் மேசையில் கொப்பியோடு இருந்தேன். மகள் முன்னுக்கு மாமியோடு விளையாடினாள். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. “கேற்றைப் பூட்டியாச்சோ மாமி?” என்று இருந்த இடத்தில் இருந்தே கேட்டேன். “ஓம், பூட்டியாச்சு” என்றார். மாமி கொண்டியைத் தள்ளியிருக்கிறார். கொண்டி ஓட்டைக்குள் போகவில்லை. அது அவருடைய கண்ணுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஒழுங்கை ஐம்பது அடியில் கண்டி வீதியில் ஏறும். கப்பல்துறைப் பக்கமிருந்து துறைமுகத்துக்குப் போகிற லொறிகள் அந்த இடத்தில் வேகம் குறைப்பதில்லை.

“தங்கச்சி! ஓ தங்கச்சி!” என்று கேற்றில் சத்தம் கேட்டது. தோப்பூரில் இருந்து மோட்டார் சைக்கிளில் அரிசி கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் அண்ணர், நாநா என்போம். ஒரு கையில் என் மகள். மகள் அவருடைய தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

“புள்ள றோட்டுக் கரையில நிக்கிது. லொறிக்குக் கை காட்டிட்டு நிக்கிது.”

அதற்குப் பிறகு அவர் அரிசி பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் இருந்த பிள்ளையைத் தொடவும் இல்லை.

“பூட்டினனான் பிள்ளை. சத்தியமாப் பூட்டினனான்.”

“சரி மாமி.”

“மகனிட்டைச் சொல்லாதை. சொன்னால் அவன் இனி என்னைப் பிள்ளையைத் தூக்கவும் விடான். அவன்ர குணம் உனக்குத் தெரியும்தானே.”

“சொல்லமாட்டன் மாமி. ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்.”

ஒருத்தரிடமும் என்பது அவர் கேட்காதது. நானே சேர்த்தது. இவர், என் கணவர், துறைமுகத்தில் கிரேன் பகுதியில் வேலை செய்கிறார். அன்று மாலை வந்து மகளைத் தூக்கி மேலே எறிந்து பிடித்து விளையாடினார். நானும் மாமியும் குசினிக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் புட்டு அவித்தோம். நான் வாக்கைக் காப்பாற்றினேன். மூன்று நாள்.

சனிக்கிழமை மத்தியானம் மகள் நித்திரையான பிறகு விறாந்தையில் நாங்கள் மூன்று பெண்கள் சந்திப்பது வழக்கமாகியிருந்தது. நான், சிநேகிதி, ஜேர்மனியில் இருக்கும் ஓர் அக்கா. என்னுடைய எழுத்துகள் அந்தக் கிழமைதான் முதலில் வேலை செய்தன. சதுரக் கொப்பியில் கறுப்பாக்கிய எழுத்து ரீவியில் ஒவ்வொன்றாக வர வர எனக்கு மெய் சிலிர்த்தது. அந்தச் சந்தோசத்திலோ, மூன்று நாள் அடக்கிய பயத்திலோ, நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டக் கொட்ட வரிகள் மேலே ஏறி மறைந்தன. வீட்டில் இருக்கிற ஒருவருக்கும் சொல்லவில்லை, காற்றுக்குச் சொல்கிறேன் என்று இருந்தது. அழுகை நின்றது. அன்று பின்னேரம் மாமிக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பிள்ளையை அவருடைய மடியில் வைத்தேன். ஆகவே அந்தக் கொட்டல் எங்கள் வீட்டுக்கு நன்மைதான் செய்தது என்று நினைத்தேன். கண் டொக்டரிடம் மாமியைக் கூட்டிப்போய், புரையை வெட்டவேண்டும் என்று அறிந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஒரு வருடம் போனது.

எங்கள் ஆட்கள் எதையாவது தொடங்கி அது ஒரு வருடம் தப்பிப் பிழைத்தால் மலர் போடாமல் இருக்க ஏலாது. கோயிலுக்கு மலர், பள்ளிக்கூடத்துக்கு மலர், பழைய மாணவருக்கு மலர். கணினிச் சேவைக்கும் மலர் வந்தது. பளபளவென்ற அட்டையில் அதே பழைய கணினி, அதற்கு முன்னால் குத்துவிளக்கும் சந்தனக் கிண்ணமும். உள்ளே வாழ்த்துச் செய்தி சொன்னவர்கள், சேவையில் இருப்பவர்களை விடக் கூட. எனக்கு மூன்று பிரதி பார்சலில் வந்தது. இவர்தான் தபால் கந்தோரில் எடுத்துவந்தார்.

“எங்க உன்ர படம்?” என்று புரட்டிப் பார்த்தார். படம் இல்லை. “படம் போடாத மலரும் ஒரு மலரோ” என்று சொல்லி என் கையில் தந்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் குசினி வாசற்படியில் இருந்து புரட்டினேன். நடுப்பக்கம் இரண்டும் நான் வரைந்த எழுத்தில் இருந்தன. புள்ளி புள்ளியாக, பெரிதாக, தலைப்பு அளவில். ‘விறாந்தையில் ஒரு சனிக்கிழமை’ என்று மேலே. கீழே, திருகோணமலையில் வரையப்பட்ட எழுத்துகளுக்குப் பெருமை சேர்க்கும் முகமாக அந்த எழுத்திலேயே தருகிறோம் என்று ஒரு குறிப்பு. எனக்குக் கண் கலங்கியது. ‘ழ’வின் வாலைத் தேடினேன். பிறகுதான் வாசித்தேன்.

உப்புக்காத்து: பிள்ளை கேற்றுக்கு வெளியில போயிட்டுது. லொறி வாற றோட்டு.

பொறுப்பாளர்: ஐயோ! ஆர் பார்த்துக்கொண்டது?

உப்புக்காத்து: மாமி. கண்ணும் இல்லை கவனமும் இல்லை. இனி அவவிட்டைப் பிள்ளையைக் குடுக்க ஏலாது.

பனிப்பூ: இஞ்ச எண்டால் இதுக்குள்ள வயோதிபர் ஹோமில விட்டிருப்பினம்.

உப்புக்காத்து: ஹா ஹா. இஞ்ச ஹோம் நாங்கள்தானே.

உப்புக்காத்து நான். பொறுப்பாளர் என் சிநேகிதி. பனிப்பூ அந்த ஜேர்மனி அக்கா. நான் சிரித்த சிரிப்புக்கூட ஒரு புள்ளி பிசகாமல் அச்சில் இருந்தது.

முதலில் மாமியைத்தான் நினைத்தேன். பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. அந்த இரண்டு பக்கத்தில் நான் எங்கேயும் இல்லை. பிள்ளை வெளியே போகும்போது நான் அறைக்குள் இருந்து ‘ழ’வுக்கு வால் மடக்கிக்கொண்டிருந்தேன் என்பதை நான் எழுதவே இல்லை. எழும்பிப்போய்க் கேற்றைப் பார்க்காமல் இருந்த இடத்தில் இருந்தே கேட்டவள் நான் என்பதை எழுதவில்லை. வாசிக்கிற யாருக்கும் குற்றவாளி மாமி ஒருவர்தான். அழுதுகொண்டு எழுதிய நேரத்திலும் எனக்கு இவ்வளவு கவனம் இருந்திருக்கிறது.

சிநேகிதிக்கு உடனே அழைப்பு எடுத்தேன்.

“வந்திட்டுதோ? நடுப்பக்கம் பார்த்தியோ? நான் அழுதிட்டனடி. உன்ர எழுத்து அச்சில என்ன வடிவு!”

“என்னைக் கேட்டனியா?”

“எதை?”

“அதைப் போட.”

“உனக்கு ஒரு சந்தோச அதிர்ச்சியா இருக்கட்டும் எண்டுதான். ஏன், பெயர் போடேல்லையே. புனைபெயர்தானே.”

“கடைசிப் பக்கத்தைப் பார்.”

அந்தப் பக்கம் நன்றியுரை. யார் யார் எந்தப் புனைபெயரில் உழைத்தார்கள் என்று ஊரோடும் பெயரோடும் வரிசையாக இருந்தது. எனக்கு முதல் இடம்.

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், “நன்றி சொல்லாமல் எப்பிடியடி மலர் போடுறது? இவ்வளவு பாடுபட்ட உன்னை விடுறதோ?”

“மேல போனாப் போச்சு எண்டு நீதானே சொன்னனி.”

“சொன்னனான். அது உன்ர திரையில. சேர்வர் எண்டால் பதியும்தானே. உனக்குத் தெரியாததோ? நீ அந்த வேலை செய்தனி.” அவளுடைய குரலும் மாறியிருந்தது. “உன்ர எழுத்து எந்த இடத்தில பிழைக்குது எண்டு பார்க்கத்தான் பதியத் தொடங்கினனான். உனக்காகத்தான்.”

“பார்த்திட்டு அழிச்சிருக்கலாமே.”

“அழிக்க மனம் வரேல்லை. அப்பாவின்ர காலத்தில ஆர் என்ன கதைச்சதெண்டு ஒரு வரியும் இல்லையடி. எல்லாம் மேல போயிட்டுது. அப்பா அங்க என்ன சொல்லியிருப்பார், எப்பிடிச் சிரிச்சிருப்பார் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. இந்த முறை ஒண்டையும் விடக்கூடாது எண்டு நினைச்சிட்டன்.”

அவள் தொடர்ந்தாள்.

“அந்தப் பக்கம்தான் எல்லாருக்கும் பிடிச்சது தெரியுமோ? ஒரு தாயின்ர மனம் எண்டு எத்தினை பேர் சொன்னவை.”

“ஒரு மாமியின்ர மனத்தைப் பற்றி ஆரும் சொல்லேல்லையோ?”

“இணையத்திலயும் போட்டனான், அதை எடுத்துவிடுறன். இண்டைக்கே.”

“அச்சில?”

“அச்சில எப்பிடியடி எடுக்கிறது?”

போனை வைத்த பிறகு, அவளுடைய சொற்களில் எது என்னை அதிகமாக எரிக்கிறது என்று யோசித்தேன். ‘உனக்குத் தெரியாததோ’ என்றதுதான். எனக்குத் தெரியும். சேர்வர் பதியும் என்று தெரியாமல் ஒருவரும் டிப்ளோமா முடிப்பதில்லை. பத்து வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருத்தி இல்லை என்று சொன்னதால், தெரிந்ததைத் தெரியாததாக வைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் என்னை ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். நடுவில் ஓராள் இருக்கும் என்று மாமி முதல் நாளே சொன்னார்.

ஆங்கில எழுத்திலேயே அந்தக் கதை கிடந்திருந்தால் அச்சிலும் மாமிக்குப் பிடிபட்டிராது. நான்தான் பென்சிலும் சதுரக் கொப்பியுமாக இருந்து அதை வாசிக்கக்கூடியதாக ஆக்கினேன்.

மூன்று பிரதியில் இரண்டை அரிசி வாளிக்கு அடியில் ஒளித்தேன். மூன்றாவதை ஒளிக்கமுடியவில்லை. மருமகளின் பெயர் மலரில் வந்திருக்கிறது என்று மகன் சொன்னதைக் கேட்டு மாமி அதை வாங்கி, கண்ணாடி அலுமாரியில், தன்னுடைய பென்சன் சான்றிதழுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். படம் இல்லாத புத்தகத்தை இவர் திரும்பத் தொடமாட்டார் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அடுத்த நாள் மத்தியானமே, “வாசி பிள்ளை, கேப்பம்” என்று கதிரையில் வந்து இருந்தார்.

ஒரு நாளைக்குக் கொஞ்சமாக வாசித்தேன். வாழ்த்துச் செய்திகளிலேயே இரண்டு நாள் போனது.

“இவருக்குக் கணினி எண்டால் என்னெண்டு தெரியுமோ?”

“தெரியாது போல மாமி.”

“வாழ்த்துறதுக்குத் தெரியத் தேவையில்லைதான்.”

மூன்றாம் நாள் நடுப்பக்கம் வந்தது. பழைய மொடெம் பற்றிய கட்டுரையில் இருந்து நேரே லண்டன் விழாவின் படங்களுக்குத் தாவினேன். குரல் மாறவில்லை என்று நினைக்கிறேன்.

“தாள் ரெண்டு தரம் பிரண்டது” என்றார் மாமி.

முப்பது வருடம் காதால் வேலை செய்தவர்.

“ஒட்டிக்கொண்டு கிடந்தது மாமி.”

“ம்.”

அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் கழித்துக் காலையில் நான் உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வரும்போது, மாமி ஜன்னலடியில் நின்று மலரை இரண்டு கையாலும் தூரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். நடுப்பக்கம் விரிந்திருந்தது.

“இந்த எழுத்து எனக்குப் பிடிபடுது பிள்ளை. மற்றதெல்லாம் மூட்டம். இதுதானோ நீ கீறினது?”

“ஓம் மாமி.”

“வடிவாத்தான் கீறியிருக்கிறாய்.” புத்தகத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. “கேற் எண்டு கிடக்கு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிள்ளைக்குக் கஞ்சி ஆறுகிறது மாமி, கொஞ்சம் தூக்குங்கோ என்றேன். பிள்ளையை அவருடைய கையில் கொடுத்து, மலரை என் கையில் எடுத்தேன். பிள்ளையை இனி அவரிடம் கொடுக்க ஏலாது என்று எழுதியிருந்த பக்கத்தைப் பறிப்பதற்குப் பிள்ளையையே கொடுத்தேன்.

மாமி மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு சொன்னார். “கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ளயே வை. கண் வெட்டினாப் பிறகு முதல் வாசிக்கிறது இதைத்தான்.”

அன்றிலிருந்து அவரில் ஒரு புதுப் பழக்கம் பார்க்கிறேன். மகளோடு முன்னுக்குப் போகும்போது கொண்டியை இரண்டு தரம் தடவிப் பார்த்து, “கேற் பூட்டிக் கிடக்கு” என்று வீட்டுக்குள் கேட்கச் சத்தமாகச் சொல்கிறார். நான் கேட்பதற்கு முன்னமே சொல்கிறார். அது கவனமா, எனக்குச் சொல்லும் பதிலா என்று தெரியவில்லை. எவ்வளவு வாசித்தார் என்றும் தெரியவில்லை. வாசித்திருந்தால் வாய் திறக்கமாட்டார். வாசிக்காவிட்டாலும் இதே முகத்தோடுதான் இருப்பார். மனிதருடைய கதையை மனதுக்குள் வைத்துப் பழகிய முகத்தில் இருந்து ஒன்றும் எடுக்க ஏலாது.

கண் வெட்ட ஆஸ்பத்திரியில் அடுத்த மாதத்துக்குத் திகதி தந்திருக்கிறார்கள். கிளினிக் அட்டை அலுமாரியில், மலருக்கு முன்னால் நிற்கிறது.

இரண்டாம் வருடத்துக்கு, ‘ஹ’ தவிர்ந்த மிச்சக் கிரந்த எழுத்தும் செய்து தரச்சொல்லிச் சிநேகிதி இரண்டு தரம் எழுதிவிட்டாள். பதியும் பகுதியை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறாள். அவள் முதல் முறையும் இல்லை என்றுதான் சொன்னாள். நான் பதில் போடவில்லை. கணினி திரும்பவும் தலையணை உறைக்குள் போய்விட்டது. அவளை மன்னிப்பதா விடுவதா என்பதை நான் ஆறுதலாக யோசிக்கலாம். அவளுக்குத் திகதி இல்லை. மாமிக்குத்தான் திகதி இருக்கிறது.

அந்த ஒரு தாளை வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் தாளின் எண்ணிக்கை மாறினால் மாமியின் விரல் கண்டுபிடித்துவிடும். நானே முந்திப் போய்ச் சொல்லலாம். அப்போது ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கை நானே உடைத்ததைச் சொல்லவேண்டும், அதோடு வீட்டில் சத்தம் எழும்பி இவருக்கும் தெரியவரும். இவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் மாமி என்னிடம் கேட்ட ஒரே ஒரு விசயம். ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், வாசித்துவிட்டு அவரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பார் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் கேவலமானது என்று எனக்குப் படுகிறது. அவருடைய நல்ல குணத்தை என் பிழைக்கு மூடியாக்குவது அது.

இதில் நான் யாருடைய பெயரையும் போடவில்லை. பெயர் போடாவிட்டால் போதும் என்று என் சிநேகிதியும்தான் நினைத்தாள். அதை நினைத்து இந்தத் தாள்களை இரண்டு தரம் கிழித்துவிட்டு மூன்றாம் தரம் எழுதுகிறேன். வேறு எங்கே கேட்பதென்று தெரியவில்லை.

உங்களில் யாராவது மாமியாக இருப்பீர்கள், யாராவது மருமகளாக இருப்பீர்கள். பின்னால் பேசியது முன்னால் வந்து நின்ற அனுபவம் இருக்கிறவர்களும் இருப்பீர்கள். எனக்கு ஆறுதல் சொல்லவேண்டாம். ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: கண் கட்டை அவிழ்க்கும் நாளுக்கு முதல், அந்த இரண்டு பக்கத்தை நானே அவருக்கு முன்னால் இருந்து சத்தமாக வாசித்து, எழுதாமல் விட்ட என்னுடைய பங்கையும் சேர்த்து வாசிக்கவேண்டுமா? அல்லது அது என் பாரத்தை இறக்க நான் அவர் மேல் ஏற்றுவதாகுமா? நீங்கள் அந்தக் கதிரையில் இருந்து கேட்பவராக இருந்தால், எதை விரும்புவீர்கள்? தயவு செய்து எழுதுங்கள். அடுத்த மாதத்துக்கு முதல் எழுதுங்கள்.